மெச் பார்க்கப் போன ஆறு பேர்



உலகக் கிண்ணக் காலம் வந்தால் நம்மூரிலும் பெரிய திரை கட்டி, சாமம் வரைக்கும் கூடியிருந்து மெச் பார்ப்போம். வீட்டில் ரீவி இருந்தும் ஏன் போகிறோம்? கோல் விழும்போது சேர்ந்து கத்த பக்கத்தில் ஆள் வேண்டும், அவ்வளவுதான். அப்படிக் கூடியிருந்த ஒரு சின்ன ஊரின் கதை இது. கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

1994 ஜூன் 18. அமெரிக்காவின் நியூ ஜேர்சியில் அயர்லாந்தும் இத்தாலியும் மோதுகின்றன. வட அயர்லாந்தில், பெல்பாஸ்டுக்குத் தெற்கே உள்ள லொக்கினைலண்ட் கிராமத்து மக்கள் ஹைட்ஸ் பார் என்ற சிறிய மதுக்கடையில் கூடியிருந்தார்கள். மதுக்கடை நமக்குரிய இடமில்லை. ஆனால் நமக்குத் தேத்தண்ணிக் கடை எப்படியோ, அவர்களுக்கு அது அப்படி.

வட அயர்லாந்து பிரித்தானியாவுக்குக் கீழே உள்ளது. அதற்கென்று தனி உதைபந்தாட்ட அணியும் உண்டு. ஆனால் அங்குள்ள கத்தோலிக்கர்களில் பெரும்பாலானோரின் மனது தெற்கே உள்ள அயர்லாந்துக் குடியரசின் அணியோடு. 1993 நவம்பரில் பெல்பாஸ்டில் இரண்டு அணிகளும் மோதி 1-1 என்று சமநிலையில் முடிந்தபோதுதான் குடியரசு உலகக் கிண்ணத்துக்குத் தெரிவானது. மைதானம் முழுக்க வெறுப்பு நிறைந்திருந்த மெச் அது. எந்த அணிக்குக் கை தட்டுகிறாய் என்று பார்த்து ஒருவனின் நாட்டுப்பற்றை அளக்கும் பழக்கம் நமக்கும் புதிதல்ல. கிரிக்கெட் மெச் நாட்களில் அந்தக் கேள்வியைக் கேட்காத முஸ்லிம் பிள்ளை இந்த நாட்டில் குறைவு.

11ஆவது நிமிடத்தில் ரே ஹௌட்டன் கோல் அடித்தார். இரவு 10.10 மணி, இரண்டாவது பாதி நடக்கிறது. எல்லோரும் வாசலுக்கு முதுகைக் காட்டி ரீவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முகமூடி அணிந்த இருவர் உள்ளே வந்து சுட்டார்கள். ஆறு பேர் மரணித்தார்கள், ஐந்து பேர் காயப்பட்டார்கள். மரணித்தவர்களில் மூத்தவருக்கு வயது 87.

சுட்டது அல்ஸ்டர் தொண்டர் படை என்ற புரட்டஸ்தாந்து ஆயுதக் குழு. இரண்டு நாட்களுக்கு முன்னர் பெல்பாஸ்டில் தமது ஆட்கள் சுடப்பட்டதற்குப் பழிவாங்கலாம். அதற்கும் இந்த ஊராருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அவர்கள் கத்தோலிக்கர்கள், அது போதுமாக இருந்தது.

அயர்லாந்து 1-0 என்று வென்றது. அந்த ஊரில் கொண்டாட யாரும் இல்லை.

பின்பு நடந்ததும் கொடுமைதான். கொலையாளிகள் தப்பிய கார் மறுநாளே கிடைத்தது. அடுத்த வருடமே பொலிஸாரின் கையில் இருந்தபோது அது அழிக்கப்பட்டது. பொலிஸாருக்கும் கொலையாளிகளுக்கும் இடையே உடந்தை இருந்தது என்று பொலிஸ் குறைகேள் அதிகாரி 2016இல் அறிக்கை விட்டார். அதுவரை குடும்பங்கள் 22 வருடங்கள் அலைந்தன. இந்தக் கொலைகளுக்காக ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.

2012 ஜூன் 18, சரியாக 18 வருடங்கள் கழித்து, ஐரோப்பியக் கிண்ணத்தில் மறுபடியும் அயர்லாந்தும் இத்தாலியும். அயர்லாந்து வீரர்கள் கையில் கறுப்புப் பட்டி கட்டி விளையாடினார்கள். அன்று இத்தாலி 2-0 என்று வென்றது. ஆனால் அந்த ஆறு பேரை உலகம் மறுபடி நினைத்தது.

முதுகுப் பக்கத்தால் வந்து சுடுவது என்றால் என்னவென்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1990 ஆகஸ்ட் 3, காத்தான்குடியில் இஷாத் தொழுகையில் நின்றவர்களுக்கு நடந்ததும் அதுதான். அதே நேர்மையோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2019 ஏப்ரல் 21 அன்று தேவாலயங்களில் கூடியிருந்தவர்களைக் கொன்றவர்கள் நம் மார்க்கத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டவர்கள். நமக்கு நடந்ததை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால் அது பாதி வரலாறு. மீதிப் பாதியையும் வீட்டில் பேசுங்கள்.

அடுத்த உலகக் கிண்ணத்துக்கும் இன்ஷா அல்லாஹ் திரை கட்டுவோம். பக்கத்து ஊர்த் தமிழ், சிங்களப் பொடியன்மாரையும் கூப்பிடுவோம். அவர்கள் எந்த அணிக்குக் கத்தினாலும் பரவாயில்லை.