டிரான்சிஸ்டர், வெற்றிடக் குழாய்க் குறியீடுகள்

மின்சுற்றுப் படத்தில் பைபோலார் டிரான்சிஸ்டரை அடையாளம் காட்டுவது அம்புக்குறி. நேர்க்கோடு பேஸ், அதிலிருந்து சாய்வாகப் பிரியும் இரு கோடுகளில் அம்புள்ளது எமிட்டர், மற்றது கலெக்டர். அம்பு வெளியே நோக்கினால் என்பிஎன், உள்ளே நோக்கினால் பிஎன்பி. பழுதுபார்ப்பவர் முதலில் கவனிக்க வேண்டியது இதுவே. மாற்றிப் படித்தால் மின்னோட்டத் திசையே தலைகீழாகிவிடும். 1947இல் பெல் ஆய்வகத்தில் உருவான முதல் டிரான்சிஸ்டரில் ஜெர்மானியத் துண்டை இரண்டு தங்க முனைகள் தொட்டு நின்றன. குறியீட்டில் இன்றும் தெரிவது அந்த உருவம்தான்.

வெற்றிடக் குழாய்க்கு அம்பு கிடையாது. வட்டத்துக்குள் மேலே தட்டையான கோடு ஆனோடு, கீழே இருப்பது கேத்தோடு, நடுவே விட்டுவிட்டு வரைந்த கோடு கிரிட். கிரிட்டுகளை எண்ணினால் போதும்: ஒன்று டிரையோடு, மூன்று பென்டோடு. கேத்தோடைச் சூடாக்கும் இழையைப் பல படங்களில் வரையாமலே விட்டுவிடுவர்.