போர்வீரன் உடனிலை உணர்த்தும் ஆடை

போர்க்களத்திற் காயமுற்று வீழ்ந்தோரைக் கண்டறிதலும், பலருள் எவனுக்கு முதலிற் சிகிச்சையளித்தல் வேண்டுமெனத் தேர்தலும் படைமருத்துவர்க்கு என்றும் அரிய பணிகளாம். வீழ்ந்தோனின் உடனிலையைத் தொலைவிலிருந்தே அறியக்கூடுமாயின் இவ்விடர் பெரிதும் நீங்கும்.

உடலின் குறிகளை வானொலியலை வழி அனுப்பும் முயற்சி பழையதே. 1940களின் பிற்பகுதியில் நோர்மன் ஹோல்டர் என்பார் ஆக்கிய இதயப்பதிவுக் கருவி ஏறத்தாழ 85 இறாத்தல் நிறையுடையதாய் முதுகிற் சுமக்கப்பட்டது. அத்தகைய சுமையைப் போர்வீரன் தாங்குதல் இயலாது.

1996ஆம் ஆண்டில் அமெரிக்கக் கடற்படைத் திணைக்களத்தின் நிதியுதவியுடன் ஜோர்ஜியாத் தொழினுட்பக் கழகத்தில் ஓர் ஆராய்ச்சி தொடங்கிற்று. சென்னைப் பல்கலைக்கழகத்திற் பயின்ற பேராசிரியர் சுந்தரேசன் ஜெயராமன் அதற்குத் தலைமை தாங்கினார். அதன் பயனாய் உருவாகிய சட்டையின் நெசவில் ஒளியிழை ஊடுசெல்லும். குண்டு துளைப்பின் இழை அறும், ஒளி தடைப்படும், காயமுற்ற இடம் புலனாகும். மின்கடத்தும் இழைகளோடு இணைந்த உணரிகள் இதயத் துடிப்பையும் மூச்சையும் உடல் வெப்பத்தையும் அறிவிக்கும். இவ்வாறு ஆடையே கருவியாயிற்று. போருக்கெனத் தோன்றிய அதனைப் பச்சிளங் குழந்தைகளைக் கண்காணித்தற்கும் பின்னர் ஏற்றதாக்கினர்.

ஆயினும் ஒன்று சிந்தித்தற்குரியது. உடற்செய்தி மருத்துவனைச் சேரின் உயிர் காக்கும்; படைத்தலைவனை மட்டுஞ் சேரின், களைத்தவனை இன்னும் எத்துணைத் தூரம் செலுத்தலாமெனக் கணிக்கும் அளவுகோலாகவும் ஆகலாம். ஆதலின், எவர் எதனை அறியலாம் என்னும் விதியும் கருவியோடு உடன்பிறத்தல் வேண்டும்.