தஞ்சாவூர் தட்டு: தகட்டில் எழும்பிய கதை

பாராட்டு விழா, கல்லூரி ஆண்டு விழா என்று எந்த மேடையானாலும் சிறப்பு விருந்தினர் கையில் ஒரு வட்டத் தட்டைக் கொடுத்துப் புகைப்படம் எடுப்பார்கள். நடுவில் பிள்ளையாரோ நடராஜரோ புடைத்து நிற்பார். சுற்றிலும் பூவும் கொடியும். அதுதான் தஞ்சாவூர் கலைத்தட்டு! வாங்கியவர் கண்ணாடி அலமாரியில் வைத்துவிட்டு மறந்துவிடுவார். ஆனால் அந்தத் தட்டுக்குப் பின்னால் சுமார் 200 வருடக் கதை இருக்கிறது.

1677ல் சிவாஜி செஞ்சிக் கோட்டையைக் கைப்பற்றினார். அவருடைய மாற்றாந்தாய் மகனான வெங்காஜி அதற்குச் சற்று முன்புதான் தஞ்சையில் ஆட்சிக்கு வந்திருந்தார். செஞ்சியை 1698ல் மொகலாயர்கள் பிடித்துவிட்டார்கள். தஞ்சையிலோ மராட்டிய மரபு 1855 வரை நீடித்தது. அந்த மரபில் வந்த இரண்டாம் சரபோஜி (1798-1832) காலத்தில்தான் இந்தத் தட்டு பிறந்தது என்று சொல்கிறார்கள்.

இது தொழிற்சாலைப் பொருள் அல்ல, வீட்டுப் பட்டறையில் உருவாவது. ஒருவர் பித்தளையில் அடித்தட்டு செய்வார். இன்னொருவர் செம்பு அல்லது வெள்ளித் தகட்டை அச்சின் மேல் வைத்துத் தட்டி உருவம் எழுப்புவார். செம்பு தட்டத் தட்ட இறுகிப்போகும். நெருப்பில் காட்டினால் மறுபடி இளகும். எழும்பிய உருவம் அமுங்காமல் இருக்கப் பின்பக்கக் குழிவில் மெழுகுக் கலவையை நிரப்புவார்கள். பிறகு அடித்தட்டில் அதைப் பதித்து, உளியால் நுணுக்க வேலை செய்து மெருகு போடுவார்கள். ஒரு தட்டு முடிய இப்படிப் பல கைகள் மாற வேண்டும்.

அரண்மனை போன பிறகும் தொழில் சாகவில்லை. காரணம், வாங்க ஆள் இருந்தது. ராஜா போனார், வெள்ளைக்கார அதிகாரிகள் வந்தார்கள். அக்காலத் தஞ்சைப் பாத்திரங்கள் இன்றும் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. சுதந்திரத்துக்குப் பின் விழா மேடைகளும் பூம்புகார் கடைகளும் வந்தன.

இங்கிலாந்தில் நடந்ததைப் பாருங்கள். நியூலின் என்ற மீனவ ஊரில் 1890ல் ஜான் மெக்கென்சி என்ற ஓவியர் ஒரு வகுப்பு தொடங்கினார். கடலுக்குப் போகாத நாட்களில் மீனவர்கள் செம்புத் தகட்டில் மீனும் கப்பலும் புடைக்கக் கற்றுக்கொண்டார்கள். அருமையான வேலை! இரண்டாம் உலகப் போர் தொடங்கிய சமயத்தில் அந்தப் பட்டறை நின்றுபோனது. அழகு மட்டும் ஒரு தொழிலைக் காப்பாற்றாது என்பதற்கு இது ஓர் உதாரணம்.

தஞ்சாவூர்த் தட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்தப் பெயரை வேறு ஊர்க்காரர் போட்டு விற்க முடியாது. நல்லதுதான். ஆனால் சட்டம் பெயரைத்தான் காக்கும், கூலியை நிர்ணயிக்காது. வாங்குபவர் 'இன்னும் மலிவாக இருக்கா?' என்று கேட்கும்போது முதலில் குறைவது தகட்டின் கனமும் உளி வேலையின் நேரமும்தான். அப்பாவின் கூலியைப் பார்த்துத்தானே மகன் உளியைத் தொடுவதா வேண்டாமா என்று முடிவெடுப்பான்?

அடுத்த முறை மேடையில் தட்டு தரும்போது அதன் பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். அந்தப் பளபளப்பைத் தாங்கிக்கொண்டிருப்பது அங்கேதான் இருக்கிறது.