ஈர விறகும் ஐயாயிரம் வருஷத்து மனுஷனும்

போன மழைக்காலத்துல வால்பாறை பக்கம், நண்பன் வீட்டு முற்றத்துல கேம்ப் ஃபயர் போடலாம்னு ஆறு பேர் உட்கார்ந்தோம். விறகு நனைஞ்சிருந்துச்சு. ஒரு தீப்பெட்டி காலி. அப்புறம் பழைய பேப்பர், அதுக்கப்புறம் மண்ணெண்ணெய். எண்ணெய் எரிஞ்சு முடிஞ்சதும் தீயும் முடிஞ்சுது. மிச்சம் புகையும் கண்ணீரும்தான் :-)

திண்ணையில உட்கார்ந்து வேடிக்கை பார்த்த நண்பனோட தாத்தா எழுந்து வந்தார். "மழையில நனைஞ்சது மேலதான்டா, உள்ள இல்ல" என்றவர், அரிவாளால ஒரு கட்டையைப் பிளந்தார். உள்ளே காய்ஞ்சுதான் இருந்தது! அதிலிருந்து மெல்லிசா சீவல் சீவினார். ஈரத்தரையில ரெண்டு கட்டையைப் பரப்பி, அதுமேல அடுப்பங்கரைப் பரணிலிருந்து எடுத்த தேங்காய் நார், அப்புறம் சீவல், அதுக்கும் மேல சுள்ளி. ஒரே குச்சி. பத்திக்கிச்சு.

விஷயம் சிம்பிள். ஈர விறகுல வைக்கிற சூடெல்லாம் முதல்ல தண்ணியை ஆவியாக்கவே செலவாயிடும். அதனால சின்னதா, காய்ஞ்சதா இருக்கிறதுல தீயை வளர்த்துட்டுத்தான் பெரிய கட்டைக்குப் போகணும். (பச்சை மரத்துக்கு இது செல்லாது. அது உள்ளேயும் ஈரம்தான்.)

சரி, தாத்தாவோட வித்தை எவ்வளவு பழசு?

1991 செப்டம்பர் 19. ஆஸ்திரியா-இத்தாலி எல்லையில, ஆல்ப்ஸ் மலையில சுமார் 3,200 மீட்டர் உயரத்துல, உருகுற பனிக்குள்ள ஒரு உடல் தெரிஞ்சது. மலையேறப் போய் செத்தவர்னு முதல்ல நினைச்சாங்க. ஆராய்ந்து பார்த்தா, ஏறக்குறைய 5,300 வருஷம் பழசு! ஓட்ஸின்னு பேர் வச்சாங்க. இப்ப இத்தாலியில போல்சானோ நகர அருங்காட்சியகத்துல இருக்கார்.

அவரோட மூட்டையைப் பார்த்தா ஆச்சரியம். இடுப்புப் பையில மரத்துல வளர்ற ஒருவகைக் காளானோட பஞ்சு மாதிரி சதை. அதுல பைரைட் கல்லோட துகள் ஒட்டியிருந்தது. அந்தக் கல்லை சிக்கிமுக்கியால தட்டினா பொறி பறக்கும். காளான் அதைப் பிடிச்சு, சுவாலை இல்லாம கனன்றுகிட்டே இருக்கும்.

அதோட பூர்ச்ச மரப்பட்டையில செஞ்ச ரெண்டு டப்பா. ஒண்ணுல மேப்பிள் இலைகளும் கரித்துண்டும் இருந்தன. கனலும் கங்கை பச்சை இலையில சுத்தி, கூடவே எடுத்துட்டுப் போயிருக்கார்னு ஆராய்ச்சியாளர்கள் சொல்றாங்க. அதாவது, போற இடத்துல விறகு ஈரமா இருந்தாலும் கவலையில்ல, தீ ஏற்கெனவே கையில இருக்கு! அந்தக் குளிர்ல ஒரு ராத்திரி தீ பத்தலைன்னா உயிரே போயிடும். தீக்குச்சி வேற கிடையாது; இங்கிலாந்துல ஜான் வாக்கர் உரசுற தீக்குச்சியை விற்க ஆரம்பிச்சதே 1827லதான். (பாவம், ஓட்ஸி சாகக் காரணம் குளிர் இல்ல, தோள்ல பாய்ஞ்ச அம்பு. அது 2001லதான் எக்ஸ்ரேயில தெரிஞ்சது.)

நம்ம ஊருக்கு வருவோம். புறநானூறு 315ல அதியமானை அவ்வையார் எதுக்கு ஒப்பிடுறாங்க தெரியுமா? வீட்டு இறப்புல செருகி வச்ச தீக்கடைகோலுக்கு. சும்மா இருக்கும்போது கண்ணுக்கே தெரியாது, வேணும்னா பெருநெருப்பா வரும்னு அர்த்தம். எனக்கு அதுல பிடிச்சது அந்த இடம்தான். கூரைக்கு அடியில மழை படாதே!

ஓட்ஸியோட பை, சங்ககாலத்து இறப்பு, தாத்தாவோட பரண்... மூணும் ஒரே பாடம்தான். ஈர விறகுல தீ மூட்டுற வேலை, மழைக்கு முன்னாடியே ஆரம்பிச்சிடுது. நாங்க மழை வந்தப்புறம் தீப்பெட்டியோட போய் நின்னோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

உங்க வீட்டுப் பெரியவங்க பரண்ல எதைப் பத்திரமா வச்சிருந்தாங்க? சொல்லிட்டுப் போங்க.