பச்சையப்பர் விட்டுச்சென்ற கட்டளைப் பணம்

கார்த்திகை தீபத்துக்கு நெய்க் காணிக்கை கட்டுகிற நம் ஊர்க்காரர்களுக்குக் 'கட்டளை' என்றால் விளக்க வேண்டியதில்லை. நெய்க்குக் கொடுத்த பணம் நெய்க்குத்தான். அதை எடுத்து மதில் சுவருக்கு வெள்ளை அடித்தால் யாரும் ஒப்பமாட்டார்கள். கல்லூரிக்கு வரும் மானியமும் இப்படித்தான். ஆய்வகக் கருவிக்கு வந்த தொகையில் பெஞ்சு வாங்க முடியாது. செலவானதற்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுக்க வேண்டும், மீதியைத் திருப்பிக் கட்ட வேண்டும்.

ஆனால் கோயிலுக்கென்று எழுதிவைத்த பணத்திலிருந்தே ஒரு கல்லூரி எழுந்த கதை தமிழ்நாட்டில் உண்டு.

செய்யாறு, வந்தவாசிப் பக்கத்துப் பிள்ளைகள் பலர் காஞ்சிபுரம் பச்சையப்பன் கல்லூரியில் படித்தவர்கள். அந்தப் பெயருக்கு உரிய பச்சையப்ப முதலியார் 1754இல் பெரியபாளையத்தில் பிறந்தவர். கம்பெனிக் காலத்தில் துபாஷியாக இருந்து பெரும் பொருள் சேர்த்தார். 1794 மார்ச்சில் உயில் எழுதினார்; அந்த மாதக் கடைசியிலேயே இறந்தார். வயது நாற்பதுதான். சிவன் கோயில், பெருமாள் கோயில் கைங்கரியம், ஏழைகளுக்குத் தருமம் என்று சொத்தை எழுதிவைத்தார். வடமொழிப் பாடசாலைகளும் அதில் உண்டு. ஆங்கிலப் பள்ளி என்ற பேச்சே இல்லை.

பிறகு நடந்தது நமக்குப் பழக்கமான கதைதான். பொறுப்பில் இருந்தவர்கள் தருமத்தைச் சரிவர நடத்தவில்லை; வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. அந்நாள் சென்னை சுப்ரீம் கோர்ட் 1832இல் தீர்ப்பளித்துப் பணத்தை மீட்டு, அறங்காவலர் குழுவிடம் ஒப்படைக்க வழி செய்தது. இத்தனை காலமும் வட்டி மேல் வட்டி ஏறியிருந்தது. உயிலில் சொன்ன கோயில் தருமங்களுக்கு ஒதுக்கிய பிறகும் பெருந்தொகை மிஞ்சியது.

அந்த உபரியை என்ன செய்வது? அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன் கல்விக்கு என்றார். காலமும் அதற்கு வாகாக இருந்தது. 1837இல் ஜான் ஆண்டர்சன் பாதிரியார் சென்னையில் பள்ளி தொடங்கியிருந்தார். 1841இல் அங்கே சில மாணவர்கள் மதம் மாறியதும் ஊரில் கொந்தளிப்பு. பிள்ளைகள் ஆங்கிலம் கற்க வேண்டும், ஆனால் மதம் மாறக் கூடாது என்று நினைத்த குடும்பங்களுக்கு 1842 ஜனவரியில் பிராட்வேயில் தொடங்கிய பச்சையப்பர் பள்ளி பெரிய ஆறுதல். 1850இல் கிரேக்கக் கோயில் பாணித் தூண்களோடு சொந்தக் கட்டடம் திறந்தார்கள். சிவன் கோயில் தருமத்து மிச்சத்தில் ஏதென்ஸ் கோயில் மாதிரியில் ஒரு கட்டடம்! 1889இல் அது முதல்நிலைக் கல்லூரியாயிற்று. 1940இல் சேத்துப்பட்டுக்குப் போயிற்று.

நார்ட்டன் செய்தது சரியா? சரி என்றே நான் சொல்வேன். கோயிலுக்கு ஒதுக்கியதில் கைவைக்கவில்லை. மிஞ்சியதைத்தான் கேட்டார், அதுவும் நீதிமன்றத்தின் அனுமதியோடு. ஆனால் பணத்தோடு அதன் கட்டும் கூடவே வந்தது. 1947 வரை அங்கே இந்து மாணவர்களை மட்டுமே சேர்த்தார்கள். வாசலுக்கு வந்த முஸ்லிம், கிறிஸ்தவப் பையன்கள் வேறு கல்லூரி தேட வேண்டியிருந்தது. உயில் கோயிலைப் பற்றிப் பேசியது; அதன் நிழல் வகுப்பறை வரை நூறாண்டுக்கு மேல் விழுந்தது.

இது பழங்கதை என்று தள்ளவும் முடியாது. 1959ஆம் ஆண்டு அறநிலையத் துறைச் சட்டத்திலும் கோயில்களின் உபரி நிதிக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. 2021இல் கோயில் நிதியில் கலை அறிவியல் கல்லூரிகள் தொடங்கப்போவதாக அரசு அறிவித்தது. கபாலீசுவரர் கோயில் பணத்தில் கொளத்தூரிலும், வேறு கோயில்களின் பணத்தில் திருச்செங்கோடு, ஒட்டன்சத்திரம், விளாத்திகுளம் பக்கங்களிலும் நான்கு கல்லூரிகள் முதலில் வந்தன. உடனே வழக்கு. அறங்காவலர்கள் நியமிக்காத கோயிலில் உபரியைப் பற்றி முடிவெடுப்பது யார் என்பது மனுதாரர் தரப்புக் கேள்வி. அந்த நவம்பரில் உயர் நீதிமன்றம் நான்கையும் நடத்தவிட்டது. ஆனால் அவற்றில் இந்து சமயப் பாடம் வைக்க வேண்டும், அனுமதியின்றிப் புதிய கல்லூரி தொடங்கக் கூடாது என்றது.