ஒளியிழை இணைப்பில் ஒளித்திறன் இழப்பு

ஒளியிழை இணைப்பில் ஒளித்திறன் இழப்பு என்பது வடத்தின் ஒரு முனையில் செலுத்தப்படும் ஒளி, மறுமுனையை அடைவதற்குள் எவ்வளவு குறைகிறது என்பதைக் குறிக்கும் அளவாகும். இது டெசிபெல்லில் தரப்படும். ஒளித்திறன் டிபிஎம் அலகில் அளக்கப்படும். 1 மில்லிவாட்டு என்பது 0 டிபிஎம் ஆகும். மடக்கை அளவு என்பதால் இழப்புகளை நேரடியாகக் கூட்டிவிடலாம். 3 டெசிபெல் இழந்தால் ஒளி ஏறத்தாழப் பாதியாகும். 10 டெசிபெல் இழந்தால் பத்தில் ஒரு பங்காகும்.

காரணங்கள்

கிலோமீட்டருக்கு 20 டெசிபெல்லுக்கும் குறைவான இழப்புள்ள கண்ணாடி கிடைத்தால் தொலைத்தொடர்புக்கு உதவும் என்று 1966இல் சார்லசு காவோவும் ஜார்ஜ் ஆக்கமும் கணித்தனர். காவோவுக்கு 2009இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. இன்றைய ஒற்றைமுறை இழையில் இழப்பு 1310 நானோமீட்டர் அலைநீளத்தில் கிலோமீட்டருக்குச் சுமார் 0.35 டெசிபெல்லும், 1550 நானோமீட்டரில் சுமார் 0.2 டெசிபெல்லும் ஆகும். எஞ்சியிருப்பது பெரும்பாலும் ராலே சிதறல். கண்ணாடியை எவ்வளவு தூய்மையாக்கினாலும் அது நீங்காது.

எனவே வீட்டு இணைப்புகளில் மிகுதியான இழப்பு இழையில் ஏற்படுவதில்லை. ஓர் இழையின் ஒளியை 32 இடங்களுக்குப் பங்கிடும் ஸ்பிளிட்டர் மட்டுமே சுமார் 17.5 டெசிபெல்லை எடுத்துக்கொள்கிறது.

ஒரு கணக்கு

2011இல் ஒப்புதல் பெற்ற பாரத்நெட் திட்டத்தின் முதற்கட்டத்திலும், பல வீட்டு இணைப்புகளிலும் பயன்படும் நுட்பம் ஜிபான் ஆகும். இதன் பி பிளசு வகையில் இரு முனைகளுக்கிடையே 28 டெசிபெல் வரை இழப்பு அனுமதிக்கப்படுகிறது.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கச்சிராயபாளையத்திலிருந்து கல்வராயன் மலைக்கு ஏறும் சாலையை ஒட்டி 15 கிலோமீட்டர் வடம் இழுக்கப்படுவதாகக் கொள்வோம். உருக்கி ஒட்டிய 10 இணைப்புகளுக்கு 1 டெசிபெல், 4 கனெக்டர்களுக்கு 2, ஸ்பிளிட்டருக்கு 17.5. ஊருக்கு வரும் ஒளி 1490 நானோமீட்டர். இழையில் அது சுமார் 3.75 டெசிபெல் இழக்கும். மொத்தம் 24.25, நிலைமை பாதுகாப்பானதாகவே தோன்றும். ஆனால் ஊரிலிருந்து திரும்பும் ஒளி 1310 நானோமீட்டர். அது இழையில் 5.25 டெசிபெல் இழப்பதால் மொத்தம் 25.75 ஆகிறது, மிச்சம் வெறும் 2.25. வழக்கமாக 3 டெசிபெல்லாவது கையிருப்பாக விடப்படும். மரம் விழுந்தோ சாலைப் பணியிலோ வடம் அறுந்தால், இடையில் புதுத் துண்டு சேர்க்க இரண்டு ஒட்டுகள் கூடும் என்பதே இதற்குக் காரணம். ஆகவே இங்கு 1:16 ஸ்பிளிட்டர் பொருத்த நேரும். அதன் இழப்பு சுமார் 14 டெசிபெல் மட்டுமே. ஆனால் ஒரே கருவி முனையைப் பகிரும் வீடுகள் பாதியாகக் குறையும். மலையூர் இணைப்பின் செலவு கூடுவதற்கு வடத்தின் விலையோடு இதுவும் ஒரு காரணம்.

ஒளி மிகுந்தாலும் கேடுதான். வீட்டுக் கருவிக்கு -8 டிபிஎம்மைவிட மிகுந்த ஒளி வந்தால் ஏற்பி திணறும். ஸ்பிளிட்டர் இன்றி நேரடியாக இணைத்துச் சோதிப்போர் இதை மறந்துவிடுவதுண்டு. இடையில் ஒளித்தணிப்பி பொருத்த வேண்டும்.

பழுதறிதல்

இழை கூர்மையாக வளைந்தால் ஒளி பக்கவாட்டில் கசியும். அலைநீளம் கூடக் கூடக் கசிவும் கூடும். 1310இல் சிறிதாகவும் 1550இல் பெரிதாகவும் இழப்பு தென்பட்டால் அது வளைவு. இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவாக இருந்தால் பழுதான ஒட்டு எனக் கொள்ளலாம்.

பழுதின் தொலைவை ஓடிடிஆர் கருவி காட்டும். துடிப்பொளியை அனுப்பி, சிதறித் திரும்பும் ஒளியின் நேரத்தைக் கொண்டு அது கணக்கிடுகிறது. ஆயினும் அது தருவது இழையின் நீளம். சாலையின் நீளம் அன்று. கம்பங்களில் சுருட்டி விடப்பட்ட உபரி வடமும், வடத்துக்குள் இழை சற்று முறுக்கிச் செல்வதும் அதில் அடங்கும். உபரிச் சுருள்களின் இடமும் நீளமும் குறிக்கப்பட்ட பதிவேடு இல்லாவிடில், கொண்டையூசி வளைவுகள் நிறைந்த மலைச்சாலையில் அறுந்த இடத்தைத் தேடி நடந்தே அலைய நேரிடும்.