வாசலுக்கு அப்பால்

தன் முற்றத்தைப் பெருக்கிக் குப்பையைத் தெருவில் தள்ளிவிட்டு, இல்லம் தூய்மையாயிற்று என்று நிறைவு கொள்ளும் மனம் எந்த ஒரு நாட்டுக்கும் தனி உரிமை அன்று. தூய்மை வாசலோடு முடிந்துவிடுகிறதா? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் சிகாகோ நகரத்து ஏழை வட்டாரம் ஒன்று இக்கேள்விக்குத் தந்த விடை கசப்பானது.

அந்நகரின் 19ஆம் வார்டில் இத்தாலியர், ஐரிஷ் மக்கள், ரஷ்ய யூதர் எனப் பிழைப்புத் தேடி வந்த பலரும் நெருங்கி வாழ்ந்தனர். அங்கே 1889ஆம் ஆண்டு ஜேன் ஆடம்ஸ், எலன் கேட்ஸ் ஸ்டார் என்னும் இரு பெண்கள் 'ஹல் இல்லம்' என்ற சமூக சேவை இல்லத்தைத் தொடங்கினர். தெருவோரங்களில் நிறுத்தப்பட்டிருந்த பெரிய மரப்பெட்டிகளில் குப்பை நிரம்பி வழிந்தது. குழந்தைகள் அவற்றைச் சுற்றியே விளையாடினர். ஒரு கோடையில் ஹல் இல்லத்தார் சந்து சந்தாகச் சென்று பார்த்து, இரண்டே மாதங்களில் 1,037 விதிமீறல்களைச் சுகாதாரத் துறைக்குத் தெரிவித்தனர். ஆயினும் நிலைமை பெரிதும் மாறவில்லை.

1895இல் ஜேன் ஆடம்ஸ் குப்பை அள்ளும் ஒப்பந்தத்தைத் தாமே கேட்டார். அது மறுக்கப்பட்டது; எனினும் அவ்வார்டின் குப்பை ஆய்வாளராக அவரையே நகர மேயர் அமர்த்தினார். அவர் விடியற்காலை 6 மணிக்கே எழுந்து, குப்பை வண்டிகளைப் பின்தொடர்ந்து கொட்டுமிடம் வரை சென்றார். 9ஆக இருந்த வண்டிகள் 13 ஆயின, பின்னர் 17 ஆயின. ஒரு குறுகிய தெருவில் 18 அங்குல ஆழத்தில் புதைந்து கிடந்த கல்தளம் மீண்டும் வெளிச்சம் கண்டது. பெண் ஒருத்தி இதைச் செய்வதா என்று அக்கம்பக்கத்துப் பெண்களே முகம் சுளித்தனர். நோயாளியைப் பேணுவது பெண்ணுக்குரிய பணியென்றால், அந்நோய் வராமல் தடுப்பதும் அவளுக்குரிய பணியே என்பது அவர் தந்த விளக்கம்.

ஆனால் 1902இல் டைபாய்டு காய்ச்சல் அவ்வட்டாரத்தைச் சூறையாடியது. நகர மக்கள்தொகையில் முப்பத்தாறில் ஒரு பங்கே கொண்ட அவ்வார்டில், நகரின் டைபாய்டு சாவுகளில் ஆறில் ஒரு பங்கு நிகழ்ந்தது. அங்கு ஒரு கைம்பெண் வாழ்ந்தார். தம் வீட்டைப் பளிங்குபோல் வைத்திருந்தவர். அக்கம்பக்கத்தின் பொதுப்பணிகளில் தலையிடாதவர். கல்லூரி விடுமுறைக்கு வந்த அவருடைய இரு மகள்களையும் காய்ச்சல் பற்றியது; ஒருத்தி இறந்தாள். தெருவில் கிடந்த தீங்கு, கழுவித் துடைத்த வாசற்படியை மதிக்கவில்லை.

ஹல் இல்லத்தில் தங்கியிருந்த மருத்துவர் அலிஸ் ஹாமில்டன் நோயின் மூலத்தைத் தேடினார். சாக்கடையோடு இணைக்கப்படாத கழிப்பறைகளையும், அவற்றில் மொய்த்த ஈக்களையும் காரணமாகக் காட்டினார். அவருடைய அறிக்கையை அடுத்து நடந்த விசாரணையில், சுகாதார ஆய்வாளர்கள் 24 பேரில் 11 பேர் கடமை தவறியமைக்காகப் பதவி இழந்தனர். ஹாமில்டனுக்குப் பெரும் புகழ் வந்தது.

எனினும் உண்மை வேறாக இருந்தது. உள்ளூர் நீரேற்று நிலையத்தில் ஏற்பட்ட உடைப்பினால் கழிவுநீர் குடிநீர்க் குழாய்களில் கலந்திருந்தது. மூன்று நாள்கள் மக்கள் அதையே குடித்தனர். சுகாதாரத் துறை அதை மறைத்துவிட்டது. இதைப் பிற்பாடு அறிந்த ஹாமில்டன், 1943இல் வெளிவந்த தம் தன்வரலாற்றில் ஒளிக்காமல் எழுதினார். தமக்குப் புகழ் சேர்த்த கருத்தையே பிழையென்று ஒப்புக்கொள்ளும் நெஞ்சுரம் எத்தனை பேருக்கு வாய்க்கும்?

கழிப்பறைகளின் கேடும் ஆய்வாளர்களின் தவறும் பொய்யல்ல. ஆயினும் ஏழையின் கொல்லைப்புறம் உலகறிய ஆராயப்பட்டது; அலுவலகத்தின் குற்றமோ பூட்டிய கதவுக்குள் கிடந்தது. குப்பையை அள்ள வண்டிகள் போதும். மறைக்கப்பட்ட தவறை அள்ள மனச்சான்று வேண்டும்.

அந்தத் தாய் தன் வீட்டில் குறை வைக்கவில்லை. அவர் செய்யத் தவறியது வாசலைத் தாண்டுவது ஒன்றே. நாமும் விளக்குமாற்றைக் கீழே வைக்குமுன், நம் தெருவையும், அத்தெருவுக்குப் பொறுப்பேற்றோரையும் ஒருமுறை நிமிர்ந்து பார்ப்போம்.